தளிர்நடைக்கு ஒரு திடல்

மாலை நான்கரை மணி ஆனதும் எங்கள் பங்கு வளாகத்தின் பின்புற இரும்புக் கதவு கிறீச்சென்று ஒலிக்கும். வருபவர் யார் என்று நான் எழுந்து பார்க்க வேண்டியதில்லை. அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டியும், அவருடைய சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டு அவருடைய பேரனும் வருவார்கள். பேரனுக்கு வயது 16 மாதம். மகனும் மருமகளும் அலுவல் முடிந்து வீடு திரும்ப இரவு ஏழு மணியாகிவிடும். அதுவரை அவன் அப்பாயியின் பொறுப்பு. நாள் முழுவதும் மாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தவன், கதவைத் தாண்டியதும் அந்த விரலை விட்டுவிடுவான்.

அன்புப் பெற்றோரே, அவ்வாறு விரலை விட்டபின் அக்குழந்தை என்ன செய்கிறது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். ஐம்பதைத் தாண்டிய, பிள்ளை வளர்த்தறியாத ஒரு குருவானவர் குழந்தை விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் புன்னகைக்கலாம். எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: என் அறையின் சன்னல் அந்தத் திடலைப் பார்த்து அமைந்திருக்கிறது. எழுதக் காரணம் வேறொன்றும் உண்டு. அந்தத் திடலுக்கு நான் ஒரு தவறு இழைத்தேன். அதனை அதற்குரிய இடத்தில் சொல்வேன்.

திடல் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அங்கு இருப்பவை சொற்பம். ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல்கள், ஒரு வேப்பமரம், அதன் அடியில் கொஞ்சம் மணல், ஞானோபதேச வகுப்பு நடக்கும் பழைய கட்டடத்தின் மூன்று வாசற்படிகள். குழந்தை நேரே சறுக்குமரத்தை நோக்கி ஓடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். முதல் நாள் நான் கூர்ந்து கவனித்தபோது அவன் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவருகே குந்தி உட்கார்ந்தான். தரையில் ஓர் எறும்பு, தன்னைவிடப் பெரிய இறகு ஒன்றை இழுத்துச் சென்றது. எறும்பு ஒரு விரிசலுக்குள் மறையும்வரை அவன் அசையவில்லை. பின்னர் விரிசலுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தான். எறும்பு வரவில்லை. அப்பாயியைத் திரும்பிப் பார்த்து, விரலால் சுட்டிக்காட்டி, ஏதோ சொன்னான். “ஆமா தம்பி, வீட்டுக்குப் போயிருச்சு” என்றார் அவர். அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எழுந்து நடந்தான்.

அடுத்து ஒரு குப்பி மூடி அகப்பட்டது. அதை வாயில் வைக்கப் போனான், அப்பாயி “ஊகூம்” என்றார், கையில் வைத்துக்கொண்டான். பிறகு வேப்பம்பழம் ஒன்று. அதை மூடிக்குள் வைத்தான், எடுத்தான், வைத்தான். கதவிலிருந்து மணல் திட்டுவரை இருபது அடி தூரம்கூட இராது. அதைக் கடக்க அவனுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் என் அலுவலை மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மூன்று படிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படியருகே வந்ததும் இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்காலைத் தூக்கி, மற்றக் காலை இழுத்து ஏறினான். மூன்றாம் படியில் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டான். இறங்குவதற்கு வழி தெரியவில்லை. முன்னோக்கி ஒரு காலை நீட்டினான், காற்றில்தான் நின்றது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தான். அப்பாயி அருகே வந்து நின்றாரே தவிர, தூக்கவில்லை. “திரும்பு தம்பி, குப்புறத் திரும்பு” என்று மட்டும் சொன்னார். அவன் திரும்பி, வயிற்றைப் படியில் ஒட்டவைத்து, பாதத்தால் தரையைத் துழாவிக்கொண்டே இறங்கினான். இறங்கியதும் மீண்டும் ஏறினான். அன்று மாலை அவன் ஏறி இறங்கியதை எண்ணினேன்: பதினொரு முறை. எட்டாம் முறைக்குமேல் துழாவல் இல்லை. தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிந்துவிட்டது.

அந்நேரம் வேறொரு தந்தை தம் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், அன்புள்ளவர். மகளைத் தூக்கிச் சறுக்குமரத்தின் உச்சியில் வைத்தார். கீழே ஓடிவந்து பிடித்தார். மீண்டும் தூக்கி வைத்தார். ஐந்து முறை முடிந்ததும் ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டினார். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, “போதும்மா, விளையாடியாச்சு” என்று கிளம்பினார். அந்தப் பெண்குழந்தை தோளின்மேல் திரும்பி, படியில் ஏறிக்கொண்டிருந்த சிறுவனையே பார்த்துக்கொண்டு போயிற்று. ஒரு கட்டை வண்டியில் சாமான் ஏற்றி இறக்குவது போலிருந்தது அது. கடுமையான உவமைதான், ஆயினும் நாம் பலரும் செய்வது அதுவே.

செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் குழந்தையைக் கண்டு சலிப்பவர்கள், மரியா மாண்டிசோரி அம்மையார் உரோமையில் கண்டதை அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவரான அவர், 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அந்நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடவைத்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். அவள் நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து, பின் தானாகவே நிறுத்தி, நன்றாக உறங்கி எழுந்தவளைப் போல் மகிழ்வோடு சுற்றிலும் பார்த்தாளாம். இந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். உலகப் போரின் காரணமாக நாடு திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றியவர். ஆகவே அவர் கண்டது நமக்கு அந்நியமான செய்தி அன்று.

இனி விழுதலைப் பற்றி. நம் சிறுவன் ஒரு மாலையில் எத்தனை முறை விழுகிறான் என்று எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃப் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் பொறுமையோடு எண்ணி, 2012-இல் வெளியிட்டிருக்கின்றனர். தடையின்றி விளையாட விடப்பட்ட 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறார்களாம். 17 முறை விழுகிறார்களாம். கடக்கும் தூரம் ஏறத்தாழ 700 மீட்டர். இத்தனை முறை விழுந்தும் அவை ஏன் அழுது ஓய்வதில்லை என்று நான் வியந்ததுண்டு. அருகிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். இவ்வயதுக் குழந்தைக்கும் தரைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. விழும்போது அது உட்காருகிறது, அல்லது கையூன்றுகிறது. முகத்தில் தோன்றுவது வலியைவிட வியப்பே. அப்பொழுது அது அப்பாயியின் முகத்தைப் பார்க்கும். அங்கே கலவரம் தெரிந்தால் அழும். “எந்திரி ராசா” என்ற குரல் கேட்டால் எழும். இதை ஒருமுறை அன்று, இருபது முறை கண்டிருக்கிறேன்.

அதே ஆராய்ச்சியாளர் முன்பு செய்த வேறொரு ஆய்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. சரிவான பலகைகளின்மேல் குழந்தைகளை விட்டுப் பார்த்தார். தவழ்ந்து பழகிய குழந்தை, சில வாரங்களில் எந்தச் சரிவு தனக்கு ஆகும், எது ஆகாது என்று கற்றுக்கொள்கிறது. செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்றுவிடுகிறது. அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும், அந்தச் செங்குத்தான சரிவில் தயங்காமல் காலை வைத்துவிடுகிறது! தவழ்ந்தபோது பெற்ற எச்சரிக்கை நடைக்குக் கூடவே வருவதில்லை. நடையால் மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே, “போன மாசம் ஒழுங்கா இருந்தானே, இப்ப ஏன் இப்படிப் பாய்கிறான்?” என்று கேட்கும் தாய்மாரே, அவன் கெட்டுப்போகவில்லை. அவனுடைய உடல் புதிது, பாடமும் புதிது. பாடம் நடக்க மேடும் பள்ளமும் வேண்டும். வழவழப்பான ஓடு பதித்த கூடத்தில் அது நடவாது.

நம் முன்னோர் இவ்வயதை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள்! பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். சப்பாணிப் பருவத்தை 9-ஆம் மாதத்துக்கும், தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்தை 13-ஆம் மாதத்துக்கும், மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றில் பருவத்தை 17-ஆம் மாதத்துக்கும், சிறுதேர் உருட்டும் பருவத்தை 21-ஆம் மாதத்துக்கும் உரியனவாகக் கொள்ளும் மரபு உண்டு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் அழிப்பதை ஒரு பருவமாகவே வைத்துப் பாடினர் என்றால், அழிப்பதும் அவ்வயதின் வேலைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் தேருக்கு மூன்று கால்கள். நம் வீடுகளில் அண்மைக்காலம்வரை இருந்த நடைவண்டிக்கும் மூன்று சக்கரங்கள்தாம். அந்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை தன் காலில் நிற்கும். வண்டி முன்னே ஓடினால் விழும். மறுநாள் அதன் வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்ளும். இன்று பரிசுப்பொருளாக வாங்கிக் கொடுக்கப்படும் உருளும் ‘வாக்கர்’ அப்படிப்பட்டதன்று. அதில் குழந்தை உட்கார்ந்தபடி உருண்டு, படிக்கட்டில் பாய்ந்துவிடும். கனடா நாடு அதனை 2004-ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. பரணில் நடைவண்டி இருப்பவர்கள் அதை இறக்குங்கள்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன்பு வரை எங்கள் வளாகம் முழுவதும் மண்தரைதான். மழைக்காலத்தில் சேறாகும், ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் புதையும். பங்குப் பேரவை கூடி, பேவர் பிளாக் பதிப்பது என்று முடிவு செய்தது. நன்கொடையும் திரண்டது. நான் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன். சறுக்குமரத்தின் காலடிவரை, ஊஞ்சலின் அடிவரை, ஓர் அங்குலம் விடாமல் பதித்தார்கள். வேப்பமரத்தின் வேர் இடைஞ்சல் செய்ததால் அதன் அடி மட்டும் தப்பியது. திறந்துவைத்த அன்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

கடந்த கோடை விடுமுறையில், ஏறத்தாழ இரண்டு வயதுள்ள ஒரு குழந்தை சறுக்குமரத்து ஏணியின் மேல்படியிலிருந்து பக்கவாட்டில் விழுந்தது. உயரம் நான்கடிதான். மணலாக இருந்திருந்தால் அழுதுவிட்டு எழுந்திருக்கும். மோவாய் பிளந்து நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தாய் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் ஒரு நிமிஷம் திரும்பிட்டேன் சாமி, என் தப்புதான்” என்று அழுதார். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடமும் திரும்பாதிருக்கும் தாய் உலகில் இல்லை. தரையைக் கல்லாக்கியவன் நான். அதை அங்கேயே அவரிடம் சொன்னேன்.

பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். முன்னரே படித்திருக்க வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டுத் திடல்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. சிமென்ட், தார், இறுகிய மண் ஆகியவை ஏறி விளையாடும் சாதனங்களின் கீழே இருக்கவே கூடாது என்கிறது அது. நான்கடி உயரத்திலிருந்து விழக்கூடுமானால் 9 அங்குல ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும். சாதனத்தைச் சுற்றி ஆறடிக்கு அது பரவியிருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிட அதிகம். மணல் நாள்பட்டால் காலடியில் இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது கொத்திவிடவும் வேண்டும். எளிய செய்தி. இதை அறியாமல் இலட்சக்கணக்கில் செலவிட்டோம்.

சறுக்குமரத்தைப் பற்றி மேலும் இரண்டு எச்சரிக்கைகள். பாதுகாப்பு என்று எண்ணிப் பெற்றோர் பலர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாமும் சறுக்கி வருகிறார்கள். குழந்தையின் செருப்போ பாதமோ பலகையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், பெரியவரின் எடை முழுவதும் கீழே இழுக்க, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு முறிகிறது. தனியே சறுக்கும் குழந்தையின் கால் மாட்டினால் அது நின்றுவிடும், எடை குறைவு. சறுக்குமரக் காயங்களைப் பற்றி 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இவ்வாறு அடிபடுவோரில் ஒரு வயது முடிந்து இரண்டு முடியாத குழந்தைகளே மிகுதி என்று காட்டியது. தனியே ஏறிச் சறுக்க இயலாத குழந்தை இன்னும் சில மாதம் காத்திருக்கட்டும். அருகில் நின்று இடுப்பைப் பிடித்துக் கீழ்ப்பகுதியில் மட்டும் சறுக்கவிடலாம். இரண்டாவது, தகரச் சறுக்குமரம் நம் வெயிலில் தோசைக்கல்லாகிவிடும். முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

ஊஞ்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூளியில் உறங்கிய குழந்தைக்கு ஆடுவது பழகிய சுகம். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் வேலை செய்கிறது. இச்சிறு வயதினருக்கு நாற்புறமும் அடைத்த இருக்கை வேண்டும். வெறும் பலகை ஆகாது. ஊஞ்சலைவிட, ஆடும் ஊஞ்சலின் குறுக்கே நடந்துபோகும் தளிர்நடைக் குழந்தையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அது ஊஞ்சலைப் பார்க்கும். ஊஞ்சல் திரும்பி வரும் என்பதை அறியாது.

மற்றக் குழந்தைகள் வரும்போது திடலில் ஒரு சிறு நாடகம் நடக்கும். நம் சிறுவனும், அவனொத்த மற்றொரு சிறுமியும் மணல் திட்டில் முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் மணலை அள்ளிக் கொட்டுவார்கள். பேசிக்கொள்வதில்லை, பார்த்துக்கொள்வதும் இல்லை. ஆயினும் ஒருவர் எழுந்து போனால் மற்றவருடைய விளையாட்டும் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், இதனை அருகருகே ஆடும் விளையாட்டு என்று தனி வகையாகக் குறித்தார். கூடி விளையாடுவது பிறகு வருவது. இதை அறியாத நாம், “பாப்பாவுக்குக் கொடு, நல்ல பிள்ளையில்ல” என்று கையிலிருப்பதைப் பிடுங்கிக் கொடுத்து, இருவரையும் அழவைக்கிறோம். இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கூடுதலாகக் கொண்டுவரும் அப்பாயி, அறிவுரை வழங்கும் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

மணலைக் கண்டு மருள்வோர் பலர். “கிருமி சாமி, சொறி வரும்” என்பார்கள். அச்சம் முற்றிலும் பொய்யன்று. பூனையும் நாயும் மணலில் கழித்தால், அவற்றின் குடற்புழு முட்டைகள் குழந்தையின் விரல்வழி வாய்க்குப் போகக்கூடும். அதற்கு மருந்து, இரவில் மணலின்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடுவதும், வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கைகழுவுவதும். மணலையே ஒழிப்பது மருந்தாகாது. 1880-களின் நடுவில் பாஸ்டன் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்குத் தெருவைத் தவிர ஆடுமிடம் இல்லாதிருந்தபோது, மரீ சக்ரெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர், பெர்லின் நகரப் பூங்காக்களில் தாம் கண்ட மணற்குவியல்களைப் பற்றி எழுதினார். பாஸ்டனில் அவ்வாறே மணல் கொட்டினார்கள். அமெரிக்க விளையாட்டுத் திடல்களின் தொடக்கம் அதுவே என்பர். கொட்டிய இடங்களில் ஒன்று ஒரு சிற்றாலயத்தின் முற்றம் என்பதைப் படித்தபோது எனக்கு நாணமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர், 1947-இல் தொடங்கி முப்பதாண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு திடல்களை அமைத்தார். வீடுகளுக்கு இடையே வெறுமனே கிடந்த மனைத்துண்டுகளே பல திடல்களாயின. பெரும்பாலானவற்றில் ஒரு மணல்தொட்டி, வளைந்த கம்பிகள், தாவிச்செல்லச் சில கற்கள், அவ்வளவே.

அப்பாயி எங்கே இருக்கிறார் என்பதையும் கவனித்து வந்தேன். வேப்பமரத்தடிச் சிமென்ட் இருக்கை அவருடைய இடம். ஆபத்து என்றால் மட்டும் எழுவார். சிறுவன் பத்தடி போவான், திரும்பிப் பார்ப்பான், அவர் அங்கேயே இருப்பார், இன்னும் பத்தடி போவான். நடுவில் ஒருமுறை ஓடிவந்து அவர் முழங்காலைத் தொட்டுவிட்டு மீண்டும் போவான். மேரி எயின்ஸ்வொர்த் என்னும் உளவியலார் 1950-களில் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்து, தாயை ஒரு தளமாகக் கொண்டே குழந்தை உலகை ஆராயப் புறப்படுகிறது என்று எழுதினார். ஒருநாள் அப்பாயிக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் பேசினார். சிறுவன் இருமுறை திரும்பிப் பார்த்தான். மூன்றாம் முறை விளையாட்டை விட்டுவிட்டு வந்து, அவர் மடியில் ஏறி, கைப்பேசியைப் பிடுங்கினான். அன்று அதற்குமேல் அவன் எங்கும் போகவில்லை.

கைப்பேசியைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். 2019-இல் உலக நல நிறுவனம் தந்த வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை பார்க்கும் நேரம் அறவே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணிக்கு மேற்படக்கூடாது. ஆனால் உடலசைவு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். மாடி வீட்டின் இரண்டு அறைகளுக்குள் மூன்று மணி நேரம் எங்கே கிடைக்கும்?

குழந்தை விழுந்து அடிபட்ட அடுத்த மாதம் பங்குப் பேரவை கூடியது. சறுக்குமரத்தையும் ஊஞ்சலையும் அகற்றிவிடுவது என்று ஒரு தீர்மானம் வந்தது. “வம்பே வேண்டாம் சாமி. நாளைக்கு இன்னொரு பிள்ளை விழுந்தா யார் பதில் சொல்றது? எடுத்துட்டா நாலு கார் கூட நிக்கும்” என்றார் ஒருவர். பலரும் தலையசைத்தனர். தீய எண்ணம் எவருக்கும் இல்லை. அடிபட்ட குழந்தையை எண்ணியே பேசினார்கள். விளையாடும் உரிமையைக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவில் ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் சேர்த்தது, 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது என்றெல்லாம் நான் எடுத்துரைத்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மனம் மாறியதாகத் தெரியவில்லை.

ஆகவே வாக்கெடுப்பை ஒரு வாரம் ஒத்திவைத்து, ஒரு வேண்டுகோள் மட்டும் விடுத்தேன்: நான்கரை மணிக்கு வந்து, அரைமணி நேரம், பேசாமல், வேப்பமரத்தடியில் உட்காருங்கள். ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுள் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அகற்ற வேண்டும் என்று உறுதியாகப் பேசியவர். சிறுவன் படியில் ஏறி இறங்குவதை முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கவனித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்காம் தடவை சிறுவன் குப்புறத் திரும்பியபோது, “கணக்காத் திரும்புறானே!” என்று அவரை அறியாமல் சொன்னார். மறுநாள் தம் அளவு நாடாவோடு வந்து, ஏணிப்படியின் உயரத்தையும் சுற்றளவையும் அளந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

சறுக்குமரத்தையும் ஊஞ்சலையும் சுற்றிப் பேவர் பிளாக் பெயர்க்கப்பட்டது. ஓரடி ஆழத்துக்குத் தோண்டி மணல் நிரப்பினோம். ஆற்று மணலின் விலை வீடு கட்டுவோருக்குத் தெரியும். எம்-சாண்ட் போட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அது உடைத்த கல். முனை கூர்மையாக இருக்கும், தூசும் அதிகம் என்று பொறியாளரே மறுத்துவிட்டார். மூன்று கார்கள் நிற்கும் இடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு வருவோர் சிலர் இன்னும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருவது வயதானவர்களுக்குச் சிரமம்தான். அதற்கு வழி காண வேண்டும், இன்னும் காணவில்லை.

புது மணல் கொட்டிய மாலையில் நான் திடலின் ஓரத்தில் நின்றிருந்தேன். கதவு கிறீச்சிட்டது. சிறுவன் விரலை விட்டான். குவியலைக் கண்டு நின்றான். அப்பாயியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வந்து, என் காலருகே குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மணலை அள்ளி என் செருப்பின்மேல் கொட்டினான். இன்னொரு பிடி. இன்னொரு பிடி. விரல்கள் மறைந்தன. அறையில் தொலைபேசி மணி அடிக்கவே, நான் காலை எடுக்கப் போனேன். இருக்கையிலிருந்து அப்பாயி குரல் கொடுத்தார்:

“சாமி, கால எடுத்துறாதீங்க. அவன் இன்னும் முடிக்கல.”